மெதுவாக நடந்தால் முட்டி பிழைக்குமா?

குத்தம்பாக்கத்தில் காலை நடைக்குக் கிளம்பும் பெரியவர்களுக்கும் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே கிடைக்கும் அறிவுரை இது: "மெதுவா நடங்க, வேகமாப் போனா முட்டி தேஞ்சிடும்." இதற்குப் பின்னால் இருக்கும் மூன்று நம்பிக்கைகளையும் சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வேகம் கூடினால் முட்டியின் சுமை கூடும் என்பது. இது பாதி உண்மை. ஆற அமர நடக்கையில் தரை காலைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையை அதிகம் தாண்டாது; மிக வேகமாக நடந்தால் ஒன்றரை மடங்கை நெருங்கும். ஆனால் இது ஓர் அடியின் உச்சம் மட்டுமே. அரை மீட்டர் எட்டு வைப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு 2,000 அடி வைக்கிறார்; 70 சென்டிமீட்டர் எட்டு வைப்பவருக்குச் சுமார் 1,430 போதும். மெதுவாக வைக்கும் பாதம் தரையில் அதிக நேரமும் ஊன்றி நிற்கிறது. நலமானவர்களின் முட்டியில் உட்பக்கச் சுமையை அளந்து 2009-இல் வெளியான ஆய்வில், வேகம் கூடியபோது உச்சம் உயர்ந்தது. ஓர் அடி முழுக்கச் சேரும் சுமையோ குறைந்தது.

இரண்டாவது, வேகம் மாறினாலும் மூட்டுகள் அசைவது ஒரே மாதிரிதான் என்பது. இது தவறு. இயல்பான நடையில் குதிகால் பதிந்ததும் முட்டி 15 முதல் 20 பாகை வரை மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மிக மெதுவான நடையில் இந்த மடக்கம் வெகுவாகக் குறைகிறது. தொடை பின்னோக்கிப் போவது சுருங்குகிறது, கணுக்காலின் உந்தல் தளர்கிறது.

மூன்றாவது, வயதானால் நடை தளர்வது இயல்பு, கண்டுகொள்ள வேண்டாம் என்பது. 65 வயதைக் கடந்த 34,485 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், வேகமாக நடந்தவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள். வேகம் ஆயுளைத் தந்தது என்று இதற்குப் பொருளில்லை. இதயம், நரம்பு, தசை ஆகியவற்றின் நிலையை நடை காட்டிக்கொடுக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்த வேகத்தைத் தசை நலிவின் அறிகுறிகளில் ஒன்றாக ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்தது. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் குத்தம்பாக்கத்துக்கு இது வெறும் மருத்துவக் கணக்கல்ல: 20 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 20 நொடி, 0.8 மீட்டர் வேகத்தில் 25 நொடி.

முட்டி வீங்கியிருப்பவர்களும் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுபவர்களும் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்பதே சரி. மற்றவர்களுக்கு ஓர் எளிய அளவு உண்டு: நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. பாட்டும் சுலபமாக வந்தால் இன்னும் கொஞ்சம் வீசி நடக்கலாம்.