சப்பானைக் காட்டி மருட்டுவோர்க்கு

“சப்பானைப் பாருங்கள்! ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டான். உலக வாணிகத்தில் உயர்ந்தான். நீங்களோ பேருந்து, மிதிவண்டி என்று சொல்லாக்கிக்கொண்டே காலத்தைப் போக்குகிறீர்கள்” என்று நம்மை இடித்துரைப்பதில் ஆங்கிலப் பித்தர்க்குத் தனி மகிழ்ச்சி. அவர்களே மற்றொன்றும் கூறுவர். தாய்மொழியில் ஆங்கிலச் சொற்கள் கலந்துவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது எளிதாகிவிடுமாம். பாதிச் சொற்கள் முன்னரே தெரிந்திருக்குமாம்!

நன்று. அவர்கள் காட்டும் சப்பானுக்கே செல்வோம். ஆங்கிலம் கற்கப் புகும் சப்பானியப் பிள்ளை படும் பாட்டைக் காண்போம்.

மின்கருவியின் கம்பியைச் செருகுதற்குச் சுவரில் அமைந்த துளைவாய்க்கு அங்கே ‘கொன்சென்ட்டோ’ என்று பெயர். ஆங்கிலத்தில் கன்சென்ட் என்றாலோ இசைவு, உடன்பாடு. வெளிநாட்டு விடுதியில் தங்கும் சப்பானியர், தாம் அறிந்த அச்சொல்லை நம்பி, “இந்த அறையில் இசைவு எங்கே உள்ளது?” என்று வினவினால் விடுதிக்காரர் விழிக்காமல் என் செய்வார்? தேர்வில் பார்த்தெழுதுவது ‘கன்னிங்கு’. ஆங்கிலத்தில் அது சூழ்ச்சித்திறம். கடைக்காரரிடம் குறைகூறி முறையிடுவது ‘குரேமு’. ஆங்கிலத்தில் கிளெய்ம் என்பது உரிமை கோருதல். உடல் மெலிந்தவர் ‘சுமாத்தோ’. ஆங்கிலத்தில் அவர் அறிவுக்கூர்மையர். வேண்டியதை வேண்டுமளவு எடுத்துண்ணும் விருந்து ‘பைக்கிங்கு’. 1958இல் தோக்கியோவின் இம்பீரியல் விடுதி அவ்வகை உணவகத்துக்கு இட்ட பெயரிலிருந்து பரவியது அது. ஆங்கிலேயர் காதில் விழுவதோ வடகடற் கொள்ளையர் பெயர்! அடுக்குமாடியில் உள்ள சிறு வீடு ‘மன்சோன்’. ஆங்கிலத்தில் அது மாளிகை. (இதற்குச் சிரிப்பவர் ஒருமுறை திருவல்லிக்கேணிக்குச் சென்று, மணமாகா இளைஞர் பலர் ஓரறையில் முடங்கும் ‘மேன்சன்’களையும் கண்டு வருக.)

ஒலியோ இன்னும் இரங்கத்தக்கது. ஆங்கிலேயர் ஓரசையாகச் சொல்லும் இசுட்ரைக் என்னுஞ் சொல் சப்பானியர் நாவில் சு-தொ-ர-இ-கு என ஐந்தாகப் பிளவுறுகிறது. அதுவும் பந்தாட்டத்தில் ‘சுத்தொராய்க்கு’. தொழிலாளர் வேலைநிறுத்தமாயின் ‘சுத்தொராய்க்கி’. ஒரே சொல் இரண்டாயிற்று! லைட் என்னும் ஒளியும் ரைட் என்னும் வலமும் ‘ராய்த்தோ’ என்று ஒன்றாயின. லகர ரகர வேற்றுமை அவர் மொழியில் இல்லை. அஃது அம்மொழியின் இயற்கை, குறையன்று. ஆனால் அவ்வேற்றுமையைப் புதிதாகப் பழகவேண்டிய பிள்ளைக்கு, பிழையொலிப்பைத் தொட்டிற் பருவத்திலேயே ஊட்டிவிட்டால் பின்னர் யார் திருத்துவது?

இத்தகைய சொற்களுக்கு ‘வாசெய் எய்கோ’, அதாவது சப்பானிற் செய்த ஆங்கிலம், என்று அவர்களே பெயரிட்டுள்ளனர். ஆங்கிலத்தில் இவற்றை இப்பொருளில் வழங்காதீர் என்று மாணவர்க்குத் தனியே பட்டியலிட்டுக் கற்பிக்க வேண்டியுள்ளது. 2020 முதல் அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாயிற்று. அப்பிள்ளைகளின் முதல் வேலை கற்பதன்று, கற்றதை மறப்பது. வெற்றுப் பானையில் நீர் நிரப்பல் எளிது. அடியிற் பிடித்த பாசியைச் சுரண்டிவிட்டு நிரப்புவதன் தொல்லையை முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற யாம் நன்கறிவோம். எம் பள்ளியிலும் ஒரு மாணவன், மின்சாரம் வந்தது என்பதை ஆங்கிலக் கட்டுரையில் ‘கரண்ட் கேம்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தான். வீட்டில் அன்றாடம் கேட்ட ‘ஆங்கிலம்’ அவனுக்குச் செய்த உதவி அது!

இனி, சப்பானியர் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கொண்ட இடத்தையும் காண்க. ஒரே கல்லால் இரு பறவைகளை வீழ்த்துதல் என்னும் ஆங்கிலப் பழமொழியை அவர்கள் ஒலியோடு இழுத்துவரவில்லை. ‘இச்செகி நிச்சோ’, ஒரு கல் இரு பறவை, என நான்கே எழுத்தில் பெயர்த்துக்கொண்டனர். அதனையறிந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பழமொழி கேட்டவுடன் விளங்கும். (நமக்கு அந்தக் கல்லில் மாங்காய்தான் விழும், உயிர்க்கொலை இல்லை!) மிக எளிய வேலையை ஆங்கிலேயர் ஒரு துண்டு இனிப்பப்பம் என்பர். சப்பானியரோ ‘அசமெசி மாயே’ என்பர். காலையுணவுக்கு முன்பே முடித்துவிடக் கூடியது என்பது கருத்து. வேலை நெருக்கும்போது பூனையின் கையையேனும் இரவல் வாங்கலாம்போல் இருக்கிறது என்பர். இவ்வழகிய மரபுகளை அருகில் வைத்து ஆங்கில மரபைக் கற்பித்தால் இரண்டும் நெஞ்சில் நிற்கும். தன் மொழியிலே நிற்கக் கால் இருப்பவனே பிறமொழியை எட்டிப் பிடிப்பான்.

மெய்யியலுக்கு நிசி அமானே என்பார் ‘தெத்சுகாக்கு’ என்று சொல் கண்டார். 1874இல் அது நூலேறியது. அடிபந்தாட்டத்துக்கு 1894இல் ‘யாக்யூ’ என்று பெயர் அமைந்தது, பொருள், வெளிப்பந்து. இன்றும் அந்நாட்டுச் சிறுவர் அதனையே சொல்கின்றனர். இவை சீன எழுத்தின் வேரால் ஆனவை அல்லவோ என்பார் உளர். ஆம், அயல்வேரைக் கொண்டேனும் பொருள் விளங்கச் சொல்லாக்கினர். வேரும் தமக்கே உரிய தமிழர் அதுகூடச் செய்யலாகாதாம்!

ஒன்று கூறியாக வேண்டும். போர்க்காலத்தில், ஆங்கிலம் பகைவர் மொழியென்று, 1943இல் அப்பந்தாட்டத்தின் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பெற்றன. போர் முடிந்ததும் அவை திரும்ப வந்தன. வெறுப்பினால் விரட்டிய சொல் அவ்வாறுதான் திரும்பும். விரும்பி ஆக்கிய ‘யாக்யூ’வோ அசையவில்லை.

இன்று அங்குள்ள மக்களே அயற்சொற் பெருக்கால் அலமருகின்றனர். நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் விளங்காத அயற்சொற்களை மிகுதியாக வழங்கித் தமக்கு மன உளைச்சல் தந்ததென 2013இல் எழுபத்தோரு அகவை முதியவர் ஒருவர் வழக்கே தொடுத்தார். நகோயா மாவட்ட மன்றம் 2014இல் அதனைத் தள்ளிவிட்டது. ஆயினும் அவர் சினம் பொருளற்றதன்று. மருத்துவர் நோயையும் பண்டுவத்தையும் விளக்கி, நோயாளியின் உடன்பாட்டைப் பெறும் முறைக்கு அங்கே ‘இன்போமுடு கொன்சென்ட்டோ’ என்று பெயர். அறுவைக்கு முன் கையொப்பமிட வேண்டிய மூதாட்டி அறிந்த கொன்சென்ட்டோவோ சுவரிலுள்ள மின்துளை! தன் உடலைப் பற்றிய உரிமையை அவர் எந்தச் சொல்லால் அறிவார்? இந்நிலை கண்டுதான் சப்பானிய மொழி ஆய்வு நிறுவனம் 2003 முதல் 2006 வரை நான்கு முறையாக, மக்களுக்கு விளங்காத 176 அயற்சொற்களுக்கு மாற்றுச் சொற்களை முன்மொழிந்தது. மேற்சொன்ன மருத்துவச் சொல்லும் அவற்றுள் ஒன்று. ‘விளக்கமும் இசைவும்’ என்று பொருள்படும் தொடரை அதற்கு ஈடாகத் தந்தனர்.

சப்பானைப் பாருங்கள் என்று கூவும் ஆங்கிலப் பித்தர் எவரும் அந்த 176 சொற்களின் பட்டியலை நமக்கு இதுவரை காட்டியதில்லை.