நன்றி வேறு, பெயர் வேறு

ஒரு தொடர் ஹிட்டானதும் திரைக்குப் பின்னால் நடந்தவை துணுக்குகளாக வரத் தொடங்கும். யார் கட்டிய புடவை, யார் நிஜமாகவே அழுத காட்சி என்று படித்துவிட்டுக் கடந்துபோவோம். ஆனால் ஒரு எபிசோடின் பின்கதை நமக்குத் துணுக்கு அல்ல.

2023 ஆகஸ்ட் 10 அன்று அமேசான் பிரைமில் 'மேட் இன் ஹெவன்' இரண்டாம் சீசன் வெளியானது. அதன் ஐந்தாவது எபிசோடை இயக்கியவர், 'மசான்' எடுத்த தலித் இயக்குநர் நீரஜ் கய்வான். ராதிகா ஆப்தே நடித்த பல்லவி மென்கே ஒரு தலித் எழுத்தாளர். மணமகன் வீட்டார் இந்துச் சடங்கு போதும் என்கிறார்கள். பௌத்த முறையிலும் திருமணம் நடக்க வேண்டும் என்று பல்லவி உறுதியாக நிற்கிறார். வெள்ளைப் புடவையும் புத்தரும் பாபாசாகேப்பும் சேர்ந்த அந்தத் திருமணக் காட்சி நம் கண்களை நிறைத்தது. அந்தப் பெருமிதத்தை நாம் யாருக்காகவும் விட்டுத்தரப் போவதில்லை.

அதனால்தான் அடுத்து நடந்ததையும் பேச வேண்டியிருக்கிறது. ரோஹித் வெமுலா மரணத்துக்குப் பின் 2016இல் தன் சாதி அடையாளத்தை வெளிப்படையாக அறிவித்தவர் யாஷிகா தத். 2019இல் 'கமிங் அவுட் ஆஸ் தலித்' என்ற நூலை எழுதினார். பல்லவியின் நேர்காணல் காட்சிக்கு இந்த நூல் உந்துதல் என்று கய்வானே இன்ஸ்டாகிராமில் நன்றி சொன்னார். அந்த நன்றியைத் தொடரிலேயே முறைப்படி பெயராகப் போடுங்கள் என்று யாஷிகா கேட்டார். உடனே தயாரிப்புத் தரப்பு கூட்டாக மறுப்பு வெளியிட்டது. பல்லவி ஒரு கற்பனைப் பாத்திரம், யாருடைய வாழ்க்கையையும் எடுத்தாளவில்லை என்றது.

மலக்கூடம் கழுவிய பாட்டி ஒரே ஒரு குடும்பத்துக்குச் சொந்தமல்ல என்பது நமக்கும் தெரியும். நம் வலிக்கு யாரும் வேலி போட முடியாது. பதிப்புரிமை வழக்குக்கு நாம் தீர்ப்பும் எழுதவில்லை. நம் கேள்வி சிறியது. உந்துதல் என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு வரி போட என்ன தயக்கம்? மண்டபம் தந்தவருக்கும் நகை தந்த கடைக்கும் டைட்டிலில் நன்றி போடும் துறைதானே இது? இன்ஸ்டாகிராம் பதிவு நாலு நாளில் கீழே போய்விடும். டைட்டிலில் போட்ட பெயர் அந்தப் படைப்பு இருக்கும்வரை இருக்கும்.

இதை 'இரண்டு தலித்துகளின் சண்டை' என்று வேடிக்கை பார்ப்பவர்களோடு நாம் சேர வேண்டாம். கய்வானையும் கொண்டாடுவோம், யாஷிகாவின் கேள்வியோடும் நிற்போம். ஒன்றைச் செய்ய இன்னொன்றைக் கைவிட வேண்டியதில்லை. நம் உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் வெளியே நிறுத்தும் பழக்கம் ஊருக்கும் சேரிக்கும் இடையே எத்தனை காலமாக இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

தோழர்களே, நாளை ஒரு கதைக்காகவோ ஆய்வுக்காகவோ உங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு யாராவது வருவார்கள். சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பெயர் எங்கே வரும் என்று முதலிலேயே கேளுங்கள். நீங்களே ஆய்வுக்காக ஒரு பாட்டியிடம் கதை கேட்கப் போனால், அவர் விரும்பினால், அவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஜெய் பீம்.