ஒளியால் நீரைத் தூய்மையாக்கலாம், நம் பொறுப்பை?



நஜீஸ் கலந்து நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டாலும் அந்நீரில் உளூச் செய்யலாகாது என்று மதரஸாவில் நாம் கற்பிக்கிறோம். ஆனால், இம்மூன்றும் மாறாமலேயே உடலைக் கெடுக்கும் நஞ்சும் நீரில் கரைந்திருக்கக்கூடும். பாலாற்றங்கரையில் வாழும் வாணியம்பாடி, ஆம்பூர் மக்கள் இக்கவலையை நன்கறிவர்.

தோல் தொழில் நம்மவர் பலருக்குச் சோறிட்டது. பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் எழுப்ப உதவியது. அதன் கழிவே நிலத்தடி நீரையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இத்தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான்.

இன்று இதற்கோர் உதவி ஒளியிலிருந்து வருகிறது. வெள்ளை பெயின்டில் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளிபட்டால் நீரையே பிரிக்கும் என்று ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டனர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவுக்கு நுண்ணிய துகள்களாக இப்பொருளை ஆக்கிப் புற ஊதாக் கதிரில் வைத்தால், சாயங்களையும் கரிமக் கழிவுகளையும் சிதைக்கிறது. கொடிய ஆறிணைதிறன் குரோமியத்தை நச்சுக் குறைந்த மூவிணைதிறன் குரோமியமாக மாற்றுகிறது.

இதைக் கேட்டவுடன், "ஒளியைப் பற்றி நம் வேதம் அன்றே கூறிவிட்டது" என்று பெருமை பேசுவோர் உண்டு. அப்பெருமையால் ஒரு கிணறும் தூய்மையாகாது. ஒளியியலை ஆராய்ந்த இப்னுல் ஹைஸம் சோதித்துப் பார்த்த பின்னரே முடிவுக்கு வந்தார். நாமும் அவ்வழியே செல்வோம்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் மிகச் சிறு பங்கே. கலங்கிய கழிவுநீரில் ஒளி ஆழமாக ஊடுருவாது. மாற்றப்பட்ட குரோமியத்தையும் நானோ துகள்களையும் நீரிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும். ஆகவே, கழிவைக் குறைக்கும் கடமையிலிருந்து இது எவரையும் விடுவிக்காது.

பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. நீர் நமக்குச் சொத்தன்று, அமானிதம். எனவே, தோல் தொழில் செய்யும் சகோதரர்கள் தம் இலாபத்தில் ஒரு பகுதியை இவ்வாய்வுக்கு ஒதுக்கட்டும். நம் கல்லூரிகள் மாணவரை இத்துறைக்கு அனுப்பட்டும். ஜும்ஆ மேடைகளில் உளூவின் சட்டத்தோடு ஆற்றின் உரிமையும் பேசப்படட்டும்.

நாம் கெடுத்ததை நாமே சீர்செய்யும் நல்லெண்ணத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.