பிரட்டுக்களத்தை எட்டாத உலக சினிமா

‘அனுமதி இலவசம்’ என்னும் இரு சொற்களைப் போல நம் கல்வியுலகினரின் மனச்சான்றை எளிதில் உறங்க வைப்பன வேறில்லை. கொழும்பிலுள்ள வெளிநாட்டுப் பண்பாட்டு நிலையங்களிலும் பல்கலைக்கழக மண்டபங்களிலும் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய, ஈரானியத் திரைப்படங்கள் கட்டணமின்றிக் காட்டப்படுகின்றன. நற்பணிதான், அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அக்காட்சிகளைப் ‘பொதுமக்களுக்கானவை’ என்று விளம்பரத்தாளில் அச்சிடும்போது, அப்பொதுமக்கள் யாவர் என்னும் வினாவை எழுப்புவது நம் கடமையாகின்றது.

பலாங்கொடையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் காட்சியைக் காண விழையும் தோட்டத் தொழிலாளி அன்றைய பேரை இழக்க வேண்டும். போக்குவரத்துச் செலவைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். காட்சி முடிந்தபின் இறக்குவானைக்கோ தெரணியகலைக்கோ திரும்ப வழியின்றித் தலைநகரில் இரவைக் கழிக்க வேண்டும். நாட்சம்பளம் 1000 ரூபா என 2021ஆம் ஆண்டு மார்ச்சில் வர்த்தமானியில் வெளிவருவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராடியவர்கள் இம்மக்கள். நுழைவுச்சீட்டிற்கு விலையில்லை என்பது உண்மை. நுழைவாயிலை வந்தடைவதற்கான விலையோ அவர்களால் இறுக்க முடியாதது.

எவ்வாறேனும் வந்து சேர்ந்தவருக்கும் ஆங்கிலம் என்னும் மற்றுமொரு வேலி காத்திருக்கின்றது. படம் பிரெஞ்சில், துணைவரிகள் ஆங்கிலத்தில், அறிமுகவுரையும் ஆங்கிலத்திலேயே. ஆக, சினிமாவைப் பார்ப்பதற்கு முன் மூன்றாவது மொழியொன்றிற் பரீட்சை எழுதித் தேற வேண்டியுள்ளது.

இக்குறைகளை எடுத்துரைத்தால் உடனே வரும் மறுமொழி நாமெல்லோரும் அறிந்ததே: “அந்தப் படங்கள் தோட்டத்து மக்களுக்கு விளங்கமாட்டா, அவர்கள் விரும்புவது சென்னைப் படங்களையே.” பாமரரை இகழும் பழைய செருக்குக்கு இரசனை என்று புதுப்பெயர் சூட்டியதைத் தவிர இக்கூற்றில் வேறொன்றும் இல்லை. இராப்பொழுது முழுவதும் விழித்திருந்து காமன் கூத்தைக் காணும் மக்கள் இவர்கள். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணியில் வாதிடும் தமிழ் மரபின் வழிவந்தோர். குறியீடும், முன்பின்னாக நகரும் காலமும், ஒருவரே பல வேடம் புனைதலும் இவர்களுக்கு அந்நியமானவை அல்ல. நகரத்து இரசிகர் நூல் படித்துத் தெரிந்துகொள்ளும் பலவற்றை இவர்கள் கூத்துக்களத்தில் இருந்தே கற்றவர்கள்.

கியூபாவில் 1967இல் ஒக்ரேவியோ கோர்ட்டசார் எடுத்த பத்து நிமிட விவரணப்படம் ஒன்றுண்டு. ‘முதன்முறையாக’ என்பது அதன் பெயர். அதுவரை சினிமாவையே கண்டிராத மலைக்கிராமம் ஒன்றிற்கு நடமாடும் திரைப்பட வண்டி செல்கின்றது. சினிமா என்றால் யாதென வினவப்பட்ட பெண்கள் தயங்கித் தயங்கித் தம் ஊகங்களைக் கூறுகின்றனர். இரவில் சாப்ளினின் ‘மொடேர்ன் டைம்ஸ்’ திரையிடப்படுகின்றது. கிழவரும் குழந்தைகளும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். உலக சினிமா யாருக்கு விளங்கும் என்ற விவாதத்தை அம்முகங்கள் அன்றே முடித்துவைத்துவிட்டன. வேலைநேரம் வீணாகலாகாது என்பதற்காகத் தொழிலாளியின் வாயில் உணவைத் திணிக்கும் பொறியொன்றை 1936இல் வெளிவந்த அப்படத்திற் சாப்ளின் காட்டுகின்றார். நிறுவைத் தராசின் முன் கொழுந்துக் கூடையுடன் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும், விடியுமுன் பால்வெட்டப் புறப்படும் இறப்பர்த் தோட்டத்து ஆணுக்கும் அக்காட்சியை விளக்க விரிவுரையாளர் எவரும் தேவையில்லை.

மலைநாட்டிற்கும் உலக சினிமாவிற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. விவரணப்பட வரலாற்றில் தலையாயதென்று போற்றப்படும் ‘சோங் ஒவ் சிலோன்’ 1934இல் பசில் ரைட்டால் உருவாக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. மறுவருடம் பிரசெல்சில் அது பரிசும் பெற்றது. அதன் முதற்பகுதியில் யாத்திரிகர் ஏறும் மலை, இரத்தினபுரி மாவட்ட எல்லையில் நிற்கும் சிவனொளிபாத மலை. மூன்றாம் பகுதியிலே கொழுந்தெடுக்கும் காட்சிகளின்மீது வணிகரின் குரல்களும் சந்தை விலைகளும் ஒலிக்கின்றன. கொழுந்தெடுப்பவளின் குரல் ஓரிடத்திலேனும் ஒலிப்பதில்லை. மலையகத் தமிழர் உலக சினிமாவிற் புகுந்தது இவ்வாறு, விரல்களாக மட்டுமே. அப்படம் உலகின் திரைப்படக் கல்லூரிகளிலெல்லாம் பாடமாக இருந்து வருகின்றது. அவ்விரல்களுக்கு உரியோரின் பேரப்பிள்ளைகள் வாழும் தோட்டங்களில் அதனைத் திரையிட வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இல் வந்ததன் முக்கியத்துவத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். அதன் கலைக்குறைகளை எண்ணிக்கொண்டிருப்போர், அதற்கு முன்னர் நம்மிடம் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணுவாராக.

சினிமாக் கொட்டகையே தமிழரைச் சாதிவேறுபாடு கடந்து ஒரே கூரையின்கீழ் அமர்த்திய முதல் அரங்கு என்னும் கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட தம் ஆய்வில் முன்வைத்தார். அக்கூரையைப் பாட்டாளிகளின் வாசலுக்கே கொண்டுசென்றவர்களும் உளர். ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப் படத்தை 1977இல் எடுத்த ஜோன் ஆபிரகாம், கேரளத்தில் 1984இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஒடேசா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஊரூராகச் சென்று மக்களிடம் சிறுதொகைகளைத் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) படத்தை உருவாக்கினர். பின்னர் அதனை ஊரூராகக் கொண்டுசென்று இலவசமாகவே காட்டினர். அங்கே இலவசம் என்பது பிச்சையன்று, தாம் கொடுத்ததைத் தாமே திரும்பப் பெறும் உரிமை.

எந்தப் படங்களைக் காட்டுவது? பட்டியல் தயாரித்துக் கொடுக்க நான் முற்படவில்லை. எனினும் ஒன்றைக் கூறாமலிருக்க இயலாது. ஹேபேர்ட் பைபர்மனின் ‘சோல்ற் ஒவ் தி ஏர்த்’ (1954) அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நடந்த நாகச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றியது. ஆண்கள் மறியலில் நிற்பதை நீதிமன்றம் தடைசெய்யவே, மனைவியர் மறியலை ஏற்று நடத்துகின்றனர். வீட்டிற்குக் குழாய்நீரும் சுகாதார வசதியும் வேண்டுமென்ற பெண்களின் கோரிக்கையை முதலில் அலட்சியப்படுத்திய ஆண்கள், வீட்டுவேலை தம் தலையில் விழுந்தபின்னரே அதன் நியாயத்தை உணர்கின்றனர். லயத்தில் வாழும் பெண்ணுக்கு இது அயல்நாட்டுக் கதையா? கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 1946இல், காணியைச் சுவீகரித்துக் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க அரசு முனைந்தபோது, வெளியேற மறுத்த தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அப்போராட்டத்தை எவரும் படமாக்கவில்லை. நியூ மெக்சிக்கோவைத் திரையிற் கண்ட இரவில் நேவ்ஸ்மயரைப் பற்றிக் கேட்டறிந்த பேரன் எவனோ ஒருவன் வாய்திறக்கக்கூடும். அந்தப் பேச்சுக்காகவே காட்சி வேண்டுமென்கிறேன்.

கைத்தொலைபேசியிலேயே யாவும் கிடைக்கும் காலத்தில் திரை எதற்கு என்பர். கைத்தொலைபேசி தனியொருவனுக்குத் தான் விற்க விரும்புவதையே காட்டும். நூறுபேர் ஒன்றாக இருந்து பார்த்து, விளக்கேற்றியபின் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதற்கு அதில் இடமில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களுக்குரிய இயல்பொன்றையும் இங்குக் கருத வேண்டும். நுவரெலியாவைப் போன்று தமிழர் பெருந்தொகையாக ஒருங்கே வாழும் பிரதேசமன்று இது. எட்டியாந்தோட்டையிலும் கஹவத்தையிலும் நிவித்திகலையிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1977 ஆகஸ்டில் இத்தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டோர் பலர். அவருட் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு அகதிகளாய்ச் சென்றனர். எஞ்சியோரின் பிள்ளைகளிற் கணிசமானோர் அண்மையில் தமிழ்ப் பாடசாலை இன்மையாற் சிங்களத்திற் கல்வி கற்றவர்கள். எனவே காட்சிகள் இருமொழியிலும் அமைதல் வேண்டும். கிராமத்தவரையும் அழைத்தல் வேண்டும். துணைவரி எழுதப் பணமில்லை என்ற சாக்கு நில்லாது. மௌனப்படக் காலத்தில் தென்னிந்தியக் கொட்டகைகளிலே திரையருகில் நின்று கதைசொன்னவர் இருந்தார். ஜப்பானில் அவரைப் பென்ஷி என்று போற்றினர். தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் இருவர் அப்பணியைச் செவ்வனே ஆற்றலாம்.

பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் தோட்டங்களின் மத்தியிலேயே இருக்கின்றது. அதன் மண்டபங்களிலிருந்து அண்டைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்திற்குச் செல்லக் கொழும்பு வழியாகச் சுற்றிப்போக வேண்டியதில்லை. இரத்தினபுரி மழையை நினைத்து அஞ்சுவோர் ஜனவரி, பெப்ரவரி மாதங்களைத் தெரிவுசெய்யலாம். கோயில் மண்டபத்தையும் கேட்கலாம். வெள்ளைத் துணியொன்று எந்த லயத்திலும் கிடைக்கும். ஒளிபடக்கருவிகளோ நம் பல்கலைக்கழகங்கள் யாவற்றிலும் உள்ளன. விடுமுறைக் காலத்தில் அவை பூட்டிய அறைகளிலே கிடக்கின்றன. ஒரு வார இறுதிக்கு அவற்றை வெளியே எடுத்துச்செல்ல எவருடைய கையொப்பம் தேவை என்பதைத் துறைத் தலைவர்கள் நன்கு அறிவர்.