மதுரை மேயர் விலகியாச்சு... மாநகராட்சியில் உண்மையான 'பவர்' யாருக்கு?

2025 ஜூலையில் மதுரை மாநகராட்சியின் மண்டலத் தலைவர்களும் இரண்டு நிலைக்குழுத் தலைவர்களும் ராஜினாமா செய்தார்கள். அக்டோபரில் மேயர் இந்திராணி பொன்வசந்தும் விலகினார். பின்னணியில் இருந்தது சொத்து வரி முறைகேடு புகார். "மேயரே போயிட்டாங்க, இனி யாரு பார்ப்பாங்க?" என்று நீங்களும் கேட்டிருக்கலாம். ஆனால் குப்பை வண்டி நிற்கவில்லை, தண்ணீர் வருவதும் நிற்கவில்லை. எப்படி?

யாருக்கு என்ன வேலை?

மதுரையில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். நாம் ஓட்டுப் போடுவது கவுன்சிலருக்கு மட்டும்தான். 2011-ல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் அந்த வேலையைக் கவுன்சிலர்கள் செய்தார்கள்.

பட்ஜெட், தீர்மானம், திட்டங்களுக்கு ஒப்புதல் எல்லாம் மாமன்றத்தின் பொறுப்பு. அதைச் செயல்படுத்துவது ஆணையர். அவரை நியமிப்பது மாநில அரசு. பில் கலெக்டர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர் எல்லாரும் அவருக்குக் கீழேதான். சுருக்கமா சொன்னா, முடிவெடுப்பதும் கேள்வி கேட்பதும் மாமன்றம். சாவி ஆணையர் கையில்.

2016 முதல் 2022 வரை மதுரையில் மாமன்றமே இல்லை. தனி அலுவலர்தான் நிர்வாகம் பார்த்தார். ஊர் ஓடியது. ஆனா, "ஏன் இந்த ரோடு போடல?" என்று சபையில் கேட்க ஆளில்லை.

வரியில் என்ன நடந்தது?

சொத்து வரியைத் தீர்மானிப்பதில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை: கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் பகுதி, வீடா கடையா என்ற பயன்பாடு. பரப்பைக் குறைத்தாலோ, கடையை வீடு என்று பதிந்தாலோ வரி சடாரென இறங்கிவிடும். அதிகாரிகளின் பாஸ்வேர்டைத் தவறாகப் பயன்படுத்தி, வணிகக் கட்டடங்களுக்கு வரி குறைக்கப்பட்டது என்பதுதான் புகார். ஆணையர் தரப்பு போலீஸுக்குப் போனது. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்று, சிறப்புக் குழு விசாரணைக்கு வந்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மாமன்றத்துக்கு ஒரு கேள்வி இப்போதே இருக்கிறது. வரியைக் கவனிக்கவே அதற்கு ஒரு நிலைக்குழு உண்டு. மண்டலவாரியாக எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது என்று கணக்குக் கேட்பது அதன் வேலை. அந்தக் கேள்வி சபையில் போதுமான அளவுக்கு எழுந்ததா?

நமக்கு என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. சென்னையில் குடிநீருக்குத் தனி வாரியம் உண்டு. மதுரையில் குடிநீர், பாதாள சாக்கடை இரண்டையும் பார்ப்பது மாநகராட்சியே. தெருவிளக்கு, குப்பை, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் இதே பர்ஸில் இருந்துதான். பெரிய காம்ப்ளக்ஸ் குறைத்துக் கட்டினால், 2022 வரி உயர்வை ஒழுங்காகக் கட்டிய 600 சதுர அடி வீட்டுக்காரரின் தெருவில்தான் சாக்கடை பொங்கும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஆன்லைனில் உங்கள் வரி எண்ணைப் போட்டு, பரப்பும் பயன்பாடும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்கள் வார்டில் பகுதி சபை நடக்கும்போது போய், "நம்ம வார்டில் வரி எவ்வளவு வசூல், எவ்வளவு பாக்கி?" என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். மேயர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வந்தாகணும்.