அலாஸ்கா டு அர்ஜென்டினா: நடுவுல 100 கி.மீ. மட்டும் ரோடு ஏன் இல்ல? காரை எப்படிக் கடத்துகிறார்கள்?

அலாஸ்காவின் ப்ரூடோ பேயில் காரை ஸ்டார்ட் செய்தால் அர்ஜென்டினாவின் உசுவாயா வரை, சுமார் 30,000 கி.மீ., ஓட்டிக்கொண்டே போகலாம். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பற்றி ட்ராவல் ரீல்ஸ் சொல்வது இதைத்தான். ஆனால் பனாமாவின் யாவிசா என்ற சின்ன ஊரில் ரோடு அப்படியே நின்றுவிடும். மறுபடி தொடங்குவது கொலம்பியாவின் டர்போ பக்கம். இடையில் சுமார் 100 கி.மீ. காடு, சதுப்பு நிலம். இதுதான் டாரியன் கேப். கார், வேனில் வருபவர்களுக்கு நடைமுறையில் ஒரே வழி கப்பல்.

ரோடு போட்டா என்ன?

போடத்தான் பார்த்தார்கள். 1970-களில் அமெரிக்க நிதியில் வேலை நடந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பைச் சரியாக ஆராயவில்லை என்று 1975-ல் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டது. இன்னொரு பயம், கோமாரி நோய். தென் அமெரிக்க மாடுகளிடமிருந்து அது வடக்கே பரவாமல் காக்கும் வேலி இந்தக் காடு. குனா, எம்பெரா பழங்குடிகளின் நிலமும் இதுதான். டாரியன் தேசியப் பூங்கா 1981 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

கார் போக முடியாத இதே காட்டை, 2023-ல் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான அகதிகளும் புலம்பெயர்வோரும் நடந்தே கடந்தார்கள். அதன் பிறகு பனாமா கெடுபிடி காட்டியது, அமெரிக்க எல்லை விதிகளும் மாறின; கூட்டம் வெகுவாகக் குறைந்தது. இந்த அரசியல் சூழலில் இனி ரோடு என்ற பேச்சை எந்த அரசும் எடுக்க வாய்ப்பு குறைவு.

கன்டெய்னரா, ரோ-ரோவா?

வழக்கமான ரூட், பனாமாவின் கொலோன் துறைமுகத்திலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனா. கடல் பயணம் ஓரிரு நாள்தான். பேப்பர் வேலையோடு சேர்த்தால் ஒரு வாரம், சில நேரம் அதற்கும் மேல்.

ரோ-ரோ என்றால் வண்டியைக் கப்பலுக்குள் ஓட்டி நிறுத்துவது. உயரமான வேன்களுக்கு வசதி. ஆனால் சாவியைத் துறைமுக ஊழியரிடம் கொடுத்துவிட வேண்டும். உள்ளே இருந்த பொருள் காணோம் என்ற புகார் அதிகம் வருவது இதில்தான். அதனால் பலர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து மூடிவிடுகிறார்கள்.

கன்டெய்னரில் பூட்டி சீல் வைத்துவிடலாம். சிக்கல் உயரம். சாதாரண கன்டெய்னரின் கதவு சுமார் 2.28 மீட்டர்தான், கூரையில் டென்ட் இருந்தால் கழற்ற வேண்டியதுதான். செலவைக் குறைக்க, முன்பின் தெரியாத இருவர் 40 அடி கன்டெய்னரை ஷேர் செய்வது சகஜம். ஒருவரின் பேப்பரில் தப்பு இருந்தால் இருவர் வண்டியும் நிற்கும். கூட்டாளியைத் தேடும்போது வாடகையைவிட இதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு நம்பர் மாறினா போச்சு

ஈரான், பாகிஸ்தான், இந்தியாவுக்கு வெளிநாட்டு வண்டி கொண்டுவர, டெபாசிட் கட்டி வாங்கும் ‘கார்னே’ ஆவணம் வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் பெரும்பாலும் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி தந்துவிடுவார்கள். கேட்க ஈஸி. ஆனால் எல்லையில் அவசரமாக டைப் செய்த சேஸிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தால், பனாமா போலீஸ் சோதனையில் வண்டி நின்றுவிடும். திருத்தி, மறுபடி வரிசையில் நின்று, அதற்குள் கப்பல் போய்விடும்.

செலவிலும் இதே கதைதான். கப்பல் கம்பெனி சொல்லும் தொகை பாதிதான். இரு துறைமுகக் கட்டணம், ஏஜென்ட், ஆவணங்கள், வண்டி வரும் வரை ஹோட்டல் எல்லாம் தனி. தாமதமானால் நாள் கணக்கில் துறைமுக வாடகையும் ஓடும்.

பலர் கவனிக்காதது ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற பழைய கடல் விதி. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவையும் இழப்பையும், சரக்கு ஏற்றிய எல்லோரும் பங்குபோட வேண்டும். 2021-ல் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் இதைத்தான் அறிவித்தார்கள். உங்கள் காருக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பணம் கட்டாமல் வண்டி வெளியே வராது. கடல் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியை.

ஃபெர்ரி விட்டா முடிஞ்சிருமே? விட்டார்கள். கொலோன் - கார்த்தஹேனா இடையே 2014-ல் தொடங்கிய சேவை, 2015-லேயே நின்றுபோனது. இப்போதைக்கு கார்த்தஹேனாவில் இறங்கி, கொலம்பிய சுங்கத்துறை அனுமதியும் ‘சோவாட்’ என்ற கட்டாய விபத்துக் காப்பீடும் வாங்கிய பிறகுதான் தெற்கே வண்டியைத் திருப்ப முடியும்.