கொன்ற கையும் காத்த கையும்

ஆலங்காயத்துக்குப் போகிறவர்கள், ஜவ்வாது மலை மீதுள்ள காவலூருக்கும் சென்று, அங்கே நட்சத்திரங்களை ஆராய்வதற்கென்று அமைந்திருக்கும் நிலையத்தைப் பார்த்து வருவதுண்டு. நாமும் அந்த நோக்கத்துடன்தான் புறப்பட்டோம். ஆனால் மேகம் கவிந்துகொண்டு விட்டது. வானத்து நட்சத்திரங்கள் தரிசனம் தர மறுக்கவே, நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஸினிமா நட்சத்திரங்களைப் பார்க்கும்படி நேர்ந்தது.

நண்பர் தோல் வியாபாரி. வியாபார நிமித்தம் பல தடவை ஹாங்காங் போய் வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து கைக்கடிகாரம் வாங்கி வந்தார்கள். இவர் கான்டனீஸ் படங்களின் மீது ஒரு மோகத்தைக் கொண்டு வந்து சேர்த்தார். அன்று அவர் காட்டியது, ஜான் வூ என்பவர் 1989-ம் ஆண்டில் எடுத்த 'தி கில்லர்' என்னும் படம்.

கதாநாயகன் கூலிக்குக் கொலை செய்கிறவன். சௌ யுன் ஃபட் என்ற நடிகர் அந்த வேஷம் தரித்திருக்கிறார். இரவு விடுதி ஒன்றில் அவன் சுடும்போது, குறுக்கே அகப்பட்ட பாடகி ஒருத்தியின் கண்பார்வை கெட்டுப் போகிறது. மனச்சாட்சி அவனை வாட்டுகிறது. அவளுடைய சிகிச்சைக்காகப் பணம் தேடுகிறான். எப்படித் தேடுகிறான் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் ஒரு கொலையை ஒப்புக்கொண்டு!

சண்டைக் காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துப்பாக்கி ஏந்தியவர்கள் தாளத்துக்கு அடி வைப்பது போலச் சுழல்கிறார்கள். மாதா கோயிலில் மெழுகுவர்த்திகள் எரிய, வெண்புறாக்கள் மெள்ளச் சிறகடித்துப் பறக்கின்றன. நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். நண்பரின் தாயார் மட்டும் பிளக்கவில்லை.

"ஏன் தம்பி, ஒருத்தி கண்ணைத் திறக்க இத்தனை பேர் கண்ணை மூட வைக்கிறானே! அவங்க வீட்டிலேயும் அழமாட்டாங்களா?" என்று கேட்டார்.

நமக்குச் சுருக்கென்றது. அத்தனை பிணங்களில் ஒன்றையாவது நாம் மனிதனாக நினைத்திருந்தோமா?

ஆயினும், படம் எடுத்தவரும் இந்தக் கேள்வியை மறந்துவிடவில்லை. முடிவை வெளியிடுவது முறையல்லதான். படம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபடியால் நேயர்கள் மன்னிப்பார்களாக. தான் இறந்துவிட்டால் தன் கண்களை அவளுக்கு அளிக்க வேண்டும் என்று அவன் கேட்டுக் கொண்டிருக்கிறான். கடைசிச் சண்டையில் குண்டுகள் அந்தக் கண்களையே பாழாக்கி விடுகின்றன. இரண்டு குருடர்களும் ஒருவரையொருவர் தேடித் தரையில் ஊர்ந்து, தொடாமலே விலகிப் போகிறார்கள். துப்பாக்கி கெடுத்ததைத் துப்பாக்கியால் மீட்க முடியாது என்பதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு காதில் விழாதபடி புறாக்களின் சிறகோசை கேட்டுக் கொண்டிருக்கிறது என்பதுதான் நமது குறை.

மறுநாள் இரவு, மிஷ்கின் இயற்றி 2013-ல் வெளியிட்ட 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்தோம். இங்கும் கொலைகாரன்தான் நாயகன். அந்த வேஷத்தை மிஷ்கினே ஏற்றிருக்கிறார். குண்டடி பட்டுத் தெருவில் கிடக்கும் அவனை ஒரு வைத்திய மாணவன் காப்பாற்றித் தொல்லையில் மாட்டிக்கொள்கிறான். படத்தில் பாட்டுக் கிடையாது. இளையராஜாவின் பின்னணி இசை மட்டுமே உண்டு. தவறுதலாக ஒரு நிரபராதியைக் கொன்றுவிட்ட அவன், அந்த நிரபராதியின் கண்ணிழந்த குடும்பத்தைத் தன் தோளில் தாங்குகிறான். அந்தப் பழைய கொலையை நமக்குக் காட்டவே இல்லை. மயானத்தில் இருட்டில் உட்கார்ந்து, ஒரு குழந்தைக்கு ஓநாய்க் கதையாக அதை அவன் வாயாலேயே சொல்கிறான். அலங்காரம் ஒன்றுமில்லை, குரல் மட்டும் தழுதழுக்கிறது.

குற்றமற்ற கோவலனைக் கொல்வித்த பாண்டியன், உண்மை தெரிந்த கணமே உயிரை விட்டான். இந்த ஓநாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. உயிரோடிருந்து சுமப்பதே அதற்குத் தண்டனை. பிராயச்சித்தம் என்பது பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளும் காரியமல்ல. செத்தவன் திரும்பமாட்டான், அவன் விட்டுச் சென்ற வேலையைக் கொன்றவன் நாள்தோறும் செய்ய வேண்டும். கான்டனீஸ் நாயகன் கடனைத் தீர்த்துவிடப் பார்க்கிறான். தமிழ்ப் படத்து நாயகனோ, தீராத கடன் என்று தெரிந்தே சுமக்கிறான்.

இந்தப் படத்திலும் ரத்தம் சிந்தாமலில்லை. ஆகையால் இரண்டையும், குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் பார்ப்பதே உசிதம்.

படம் முடிந்ததும் அம்மையாரின் அபிப்பிராயத்தை அறிய ஆவலாகத் திரும்பினோம். இந்தத் தடவை அவர் பிணங்களைக் கணக்கெடுக்கவில்லை.

"ராத்திரி பூரா அலைஞ்சுதே, அந்தக் குழந்தை ஏதாவது சாப்பிட்டிருக்குமா?" என்றுதான் கேட்டார்.